நாலு செக்கன் எண்டு வைப்பம்

சால்வையையோ கேக்கிறியள் அண்ணை? இது கெல்புரூக். மெரூனும் மஞ்சளும். உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. மெல்பேர்னிலை பிறந்து வளந்த வெள்ளையளுக்கே அரைவாசிப் பேருக்குத் தெரியாது. டீவியிலை காட்டுற பெரிய டீம் இல்லைப் பாருங்கோ, எங்கட பகுதிப் பெடியளின்ர டீம். சனிக்கிழமை விளையாடுவம், திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வேலைக்குப் போவம். விளையாடுவம் எண்டு வாய் சொல்லுதே தவிர நான் விளையாடுறேல்லை. இந்த வண்டி வயித்தோடை என்னத்தை விளையாடுறது? நான் டைம்கீப்பர். மணிக்கூடு பாக்கிறவன். சைரன் அடிக்கிறவன்.

நீங்கள் திருச்சியோ? மகளிட்டை வந்தனீங்களோ? நல்லது. போனிலை தமிழ் கதைக்கிறது கேட்டுத்தான் பக்கத்திலை வந்து இருந்தனான், குறை நினையாதையுங்கோ. என்ர பேர் குகதாசன். கிளப்பிலை கஸ் எண்டுவாங்கள். இந்தப் பஸ்ஸின்ர கடைசி ஸ்டொப் மட்டும் போறியளோ? அப்ப நேரம் கிடக்கு. நான் அதுக்கு மூண்டு ஸ்டொப் முன்னாலை இறங்கோணும். இண்டைக்கு எங்கட லீக்கின்ர வருசக் கூட்டம். எல்லாக் கிளப்பும் வரும்.

இந்த வருசம் எப்பிடிப் போனதோ? அதை மட்டும் கேளாதையுங்கோ. இல்லை, கேட்டிட்டியள், சொல்லத்தான் வேணும்.

முதல் ஏழு மட்ச்சும் தோல்வி. ஏழும்! என்ன காரணம் எண்டால், கோச். டீன் எண்டு ஒருத்தன். நல்ல மனிசன், தண்ணிக்குழாய் வேலை செய்யிறவன், எங்கட வீட்டு சிங்க்கையும் அவன்தான் திருத்தினவன். ஆனால் பந்தை நேரை அடி எண்டு சொல்லத் தெரியாது. பக்கத்தாலை அடி, பின்னாலை அடி, சுத்திக் கொண்டுவா. கோல் அங்கை கிடக்கு, இவங்கள் ஊர்வலம் போறாங்கள். பேந்து எங்கட நெட்டையன். ஒவ்வொருக்காலும் அம்பயர் பந்தை மேலை எறியேக்கை பாஞ்சு தட்டுறதுக்கு ஒரு உயரமானவன் வேணும், அவனில்லாமல் ஒண்டும் நடக்காது. அந்த நெட்டையன் சீசனுக்கு நடுவிலை பாலிக்குக் கலியாணத்துக்குப் போட்டான். தன்ர கலியாணம் எண்டாலும் பரவாயில்லை. சிநேகிதன்ர கலியாணம்! மூண்டு கிழமை! நான் என்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்கே ரெண்டு நாள்தான் லீவு எடுத்தனான். அதுவும் மட்ச் இல்லாத கிழமை பாத்து.

மனிசி சொல்லுவா, "உங்களுக்குச் சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை, ஏன் இப்பிடிப் பதறுறியள்?" எண்டு. அவவுக்கு விளங்காது. பதினொரு வருசம் அண்ணை. நான் ஒரு வெயார்ஹவுசிலை ஃபோர்க்லிஃப்ட் ஓடத் துவங்கி நாலாம் வருசம் எங்கட சூப்பவைசர் வந்து கேட்டவன், "நீ குடிக்கிறனீயோ?" எண்டு. இல்லை எண்டனான். "அப்ப சனிக்கிழமை எங்கட கிளப்புக்கு வா, ரெண்டரை மணித்தியாலம் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேணும். எங்கட ஆக்கள் மட்ச்சின்ர மூண்டாம் குவாட்டரோடை பியரைப் பாக்கத் துவங்கிடுவாங்கள்" எண்டான். அப்பிடித்தான் போனது. போன முதல் நாளே பெடியள் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கள். வெயார்ஹவுசிலை நாலு வருசமா ஒருத்தனும் என்ர பேர் கேக்கேல்லை.

விளையாட்டு விளங்காட்டில் இது விளங்காது, ரெண்டு வசனத்திலை சொல்லுறன். முட்டை மாதிரிப் பந்து. கையாலையும் தட்டலாம், காலாலையும் அடிக்கலாம். ரெண்டு பெரிய கம்பத்துக்கு நடுவாலை அடிச்சால் ஆறு. பக்கத்திலை ரெண்டு சின்னக் கம்பம் நிக்கும், அதுக்குள்ளாலை போனால் ஒண்டு, ஆறுதல் பரிசு. காலாலை அடிச்ச பந்தை நிலத்திலை விழ விடாமல் ஒருத்தன் பிடிச்சிட்டான் எண்டால் அதுக்குப் பேர் மார்க். பேந்து அவனை ஒருத்தரும் தொடேலாது, ஆறுதலா நிண்டு அடிக்கலாம். இப்ப வடிவாக் கேளுங்கோ, இதுதான் விசயம். சைரனுக்கு முந்தி அவன் பிடிச்சிருந்தால், சைரன் அடிச்ச பிறகும் அவன் அடிக்கலாம். விளையாட்டு முடிஞ்சுது, சனம் எழும்பி நிக்குது, அவன் மட்டும் அடிப்பான். சைரனுக்குப் பிறகு பிடிச்சால் ஒண்டுமில்லை, வீட்டை போகலாம்.

மட்ச்சின்ர கால்பங்குதான் குவாட்டர், ஒண்டு இருபத்தைஞ்சு நிமிசம். நாலு குவாட்டர். எங்கட டிவிசனிலை மணிக்கூட்டை இடையிலை நிப்பாட்டுறேல்லை, விட்டால் விட்டதுதான். ஒவ்வொரு கிளப்பும் ஒரு டைம்கீப்பரைக் கொண்டுவரும். ரெண்டு பேரும் உடுப்பு மாத்துற அறைக்கு மேலை ஒரு சின்னப் பெட்டி அறை, அதுக்குள்ளை பக்கத்திலை பக்கத்திலை இருப்பம். ரெண்டு பேரும் மணிக்கூடு ஓட்டோணும், ரெண்டு பேரும் தாளிலை கையெழுத்து வைக்கோணும். ஆற்றை மைதானமோ அவர்தான் சைரன் அமத்திறது.

ஓம், ரெண்டு மணிக்கூடு ஓடோணும் எண்டுதான் சட்டம். ஆனால் சட்டத்தைப் போட்டவன் அந்தப் பெட்டிக்குள்ளை இந்த நாட்டு யூலை மாசக் குளிரிலை இருந்து பாத்திருக்க மாட்டான்.

தோர்ன்லி எண்டு ஒரு கிளப். பச்சையும் வெள்ளையும். அவையின்ர டைம்கீப்பர் நொரீன். எழுபது தாண்டின மனிசி, பெரிய கண்ணாடி, மடியிலை எப்பவும் பின்னல் ஊசி. முப்பத்தொரு வருசம் அந்த வேலை. அவவின்ர மனுசன் தோர்ன்லிக்கு விளையாடினவர், செத்துப்போனார். எங்களுக்கும் தோர்ன்லிக்கும் வருசத்திலை ரெண்டு மட்ச். முதல் வருசம் நாங்கள் கதைக்கேல்லை. ரெண்டாம் வருசம் என்ர மனிசி சுட்டுத் தந்த மீன் ரோல்ஸ் கொண்டுபோனன். ஒண்டை எடுத்தா. பேந்து இன்னொண்டை எடுத்தா. பேந்து என்ன, சிநேகிதம்.

நாங்கள் ஒரு ஒழுங்கு செய்தனாங்கள் அண்ணை. முதலாம், மூண்டாம் குவாட்டர் அவவின்ர மணிக்கூடு. ரெண்டாம், நாலாம் குவாட்டர் என்ர மணிக்கூடு. ஒருத்தர் பாக்க மற்றவர் தேத்தண்ணி ஊத்தலாம், பின்னலாம், ஸ்கோர் எழுதலாம். கடைசியிலை ஒருத்தற்றை தாளைப் பாத்து மற்றவர் எழுதிக் கையெழுத்து வைக்கிறது. பிழைதான். சட்டப்படி பிழை. ஆனால் ஒன்பது வருசம் ஒருக்காலும் ஒரு கரைச்சல் வரேல்லை. ஒருத்தரை ஒருத்தர் நம்பினம், அவ்வளவுதான்.

ஆ, சீசன். ஏழு தோல்விக்குப் பிறகு எங்கடயள் மூண்டு வெண்டாங்கள். எப்பிடி எண்டு கேக்காதையுங்கோ, நெட்டையன் பாலியாலை வந்தான், டீன் ஊர்வலத்தை விட்டான். பேந்து திரும்பவும் தோல்வி. கடைசி மட்ச் வரேக்கை நாங்களும் மூண்டு வெற்றி, தோர்ன்லியும் மூண்டு வெற்றி. ரெண்டு பேரும் அடியிலை. தோக்கிற கிளப் கீழ் டிவிசனுக்குப் போகோணும். கீழை போறதெண்டால் சும்மா இல்லை. நல்ல பெடியள் விட்டிட்டுப் போயிடுவாங்கள், கடைகாரர் ஸ்பொன்சரை நிப்பாட்டிடுவினம், ரெண்டு வருசத்திலை கிளப்பே இல்லாமல் போகும். அப்பிடிப் போன கிளப்புகளை எனக்குத் தெரியும். அந்தக் கடைசி மட்ச், எங்கட மைதானத்திலை. எதிர்ப்பக்கம் தோர்ன்லி. பெட்டிக்குள்ளை எனக்குப் பக்கத்திலை நொரீன்.

மழை. கண்ணாடியெல்லாம் பனிப்புகார். கடைசிக் குவாட்டர், அஞ்சு புள்ளியாலை நாங்கள் பின்னாலை. ஒரு கோல் அடிச்சால் ஒரு புள்ளியாலை வெற்றி. நான் ஒரு கையிலை மணிக்கூடு, மற்றக் கை சைரன் பட்டனிலை. நொரீன் போத்திலிலை இருந்து தேத்தண்ணி ஊத்துறா. இருபத்தைஞ்சு நிமிசம் வந்திட்டுது. அந்த நேரம் பாருங்கோ, பந்து மேலை. எங்கட ஒன்பதாம் நம்பர்ப் பெடியன் அடிச்ச பந்து, ஆகாயத்திலை வருது. கையும் விறைச்சுப் போச்சு, குளிருக்குப் பெருவிரல் சொன்னது கேக்கேல்லை. ரெண்டு செக்கன் இருக்கும். மிஞ்சிப்போனால் மூண்டு. அதுக்குள்ளை லாக்கி எண்டு எங்கட முன்வரிசைக்காரன் பந்தை நெஞ்சோடை பிடிச்சிட்டான். பிடிச்ச பிறகு சைரன். அடிச்சான். கோல். ஒரு புள்ளியாலை வெற்றி.

சனம் மைதானத்துக்குள்ளை பாஞ்சுது. டீன் அழுதான், நெட்டையன் சேத்துக்குள்ளை படுத்துக் கிடந்தான். நானும் கத்தினன் அண்ணை, பொய் சொல்லக்கூடாது. கத்திப்போட்டுத் திரும்பினால் நொரீன் கப்பைக் கீழை வைச்சிட்டு என்ர தாளைப் பாத்து எழுதுறா. இருபத்தைஞ்சு நிமிசம், சுழியம் செக்கன். கையெழுத்து வைச்சா. "நல்லா அடிச்சான் உங்கட பெடியன்" எண்டு சொல்லிப்போட்டுப் படியாலை இறங்கிப் போனா. அண்டைக்குக் கொண்டுபோன ரோல்ஸ் அப்பிடியே கிடந்தது.

சரி, நாலு செக்கன் எண்டு வைப்பம். கூடிப்போச்செண்டால் நாலு. நாலு செக்கன் ஒரு பிழையோ? உங்கட ஊரிலை ரயில் நாலு செக்கன் பிந்தினால் ஆரும் கேப்பினமோ?

கேட்டாங்கள். தோர்ன்லிக்காரர் முறைப்பாடு குடுத்திட்டாங்கள். அவையின்ர கோச் போனிலை எடுத்த வீடியோவிலை நேரம் கூடிப்போனதாக் காட்டுதாம். புதன்கிழமை பின்னேரம் லீக் ஒபிசுக்குக் கூப்பிட்டாங்கள். மேசைக்கு அங்காலை மூண்டு பேர். இஞ்சாலை நானும் நொரீனும், பக்கத்திலை பக்கத்திலை, பெட்டிக்குள்ளை இருந்த மாதிரியே. வீடியோ எப்ப துவங்கினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அதாலை அதை எடுக்க ஏலாது, டைம்கீப்பர்மார் சொல்லுறதுதான் முடிவு எண்டிட்டாங்கள். சொந்த மைதானத்து ஆள் எண்டபடியா என்னை முதல் கேட்டாங்கள்.

நான் சொன்னன், இருபத்தைஞ்சு நிமிசம், சரியா.

வாயாலை வந்திட்டுது அண்ணை. வீட்டிலை இருந்து வெளிக்கிடேக்கை உண்மையைச் சொல்லுவம் எண்டுதான் வெளிக்கிட்டனான், மனிசிக்கும் சொல்லேல்லை. பாத்தால் பின்னாலை கதிரையிலை டீனும் லாக்கியும் இருக்கிறாங்கள். லாக்கி சேட்டும் டையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், கோட்டிலை வழக்குக்கு வந்தவன் மாதிரி. அந்த முகத்தைப் பாத்தவுடனை சரியா எண்டு சொல்லிப்போட்டன்.

பேந்து நொரீனைக் கேட்டாங்கள். அவ என்னைத் திரும்பிப் பாத்தா. நான் மேசையைப் பாத்தன். "என்ர தாளிலையும் கஸ்ஸின்ரதிலை உள்ளதுதான் இருக்குது" எண்டா. அவ்வளவுதான். முறைப்பாடு தள்ளுபடி. நாங்கள் தங்கிட்டம், தோர்ன்லி கீழ் டிவிசனுக்குப் போட்டுது.

நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? நொரீன் என்ர தாளைப் பாத்து எழுதினதாலை வேறை ஒண்டும் சொல்லேலாமல் போச்செண்டு. அப்ப பழி ரெண்டு பேருக்கும் பாதிப்பாதி எண்டு. அப்பிடி ஒரு கணக்குப் போட்டு அண்டைக்கு வடிவா நித்திரை கொண்டிட்டன். வெக்கத்தைவிட்டுச் சொல்லுறன், நித்திரை கொண்டிட்டன்.

அடுத்த கிழமை கிளப்பிலை பரிசளிப்பு. அந்த வருசத்தின்ர சிறந்த தொண்டர் எண்டு என்னைக் கூப்பிட்டுக் கப் தந்தாங்கள். பெடியள் எல்லாரும் மேசையிலை தட்டி கஸ், கஸ், கஸ் எண்டு கத்துறாங்கள். கப்பை வீட்டிலை கண்ணாடி அலுமாரிக்குள்ளை மனிசி வைச்சா, பேர் தெரியிற மாதிரி. நான் போய்ச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பன். அவ தூசி தட்டேக்கை நேராக்கி வைப்பா. "ஆரப்பா இதைத் திருப்புறது?" எண்டு கேட்டா ஒருநாள். பூனை எண்டன். எங்கட வீட்டிலை பூனை இல்லை.

பேந்துதான் நொரீன்ர கதை காதிலை விழுந்தது. வெயார்ஹவுசிலை எனக்கு அடுத்த லைனிலை ஒருத்தன் தோர்ன்லி. அவன் தேத்தண்ணி அறையிலை எல்லாருக்கும் கேக்கச் சொல்லுறான், எங்கட கிழவி ரெண்டு ரோல்ஸுக்குக் கிளப்பை வித்திட்டாள் எண்டு. அப்பிடியே சொன்னான் அண்ணை, ரெண்டு ரோல்ஸுக்கு. பேஸ்புக்கிலை எழுதினவையாம். அடுத்த வருசம் வேறை டைம்கீப்பர் எண்டு சொல்லிப்போட்டினமாம். முப்பத்தொரு வருசம். மனுசன் விளையாடின மைதானம். ஒரு சனிக்கிழமை பெண்களின்ர மட்ச் பாக்கப் போனவவுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கேல்லையாம், எழும்பி வந்திட்டாவாம்.

எனக்குச் சோறு இறங்கேல்லை. மனிசி கொலஸ்ட்ரோல் எண்டு நினைச்சு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனா. ரத்தம் எடுத்தாங்கள், சிறுநீர் எடுத்தாங்கள், ஒண்டுமில்லை எண்டாங்கள். ஒண்டுமில்லையோ? நான் ஒரு கிழவியின்ர பேரைத் திண்டுபோட்டு இருக்கிறன், அது ரத்தத்திலை தெரியாது.

போகோணும் போகோணும் எண்டு ஒன்பது கிழமை. போன ஞாயித்துக்கிழமைதான் போனன். ரோல்ஸ் கொண்டுபோகேல்லை, அந்த அளவுக்கு அறிவு இருந்தது. வெறுங்கையோடை நிண்டன். கதவைத் திறந்தா. கன மெலிவு. "உள்ளை வா கஸ்" எண்டு சொல்லிக் குசினி மேசையிலை இருத்தினா. ரேடியோவை நிப்பாட்டினா. நான் நாலு நாளாப் பாடமாக்கி வைச்சதைச் சொன்னன். சைரன் பிந்தி அடிச்சனான், நாலு செக்கன், குளிர், விரல், மன்னிச்சுக்கொள்ளோணும் எண்டு.

அவ எழும்பிப் போய் மேல்சட்டை பொக்கெற்றுக்குள்ளை இருந்து தன்ர மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையிலை வைச்சா.

"நான் முப்பத்தொரு வருசத்திலை ஒரு குவாட்டர்கூட இதை ஓட்டாமல் இருந்ததில்லை" எண்டா. "உன்ர குவாட்டர் எண்டால் பொக்கெற்றுக்குள்ளை ஓடும். உன்னை நம்பாமல் இல்லை கஸ். பழக்கம். பதினொண்டு."

என்ன பதினொண்டு எண்டன். எனக்குத் தெரியும், எண்டாலும் கேட்டன்.

"பதினொரு செக்கன். வா, எண்ணுவம்" எண்டா.

மணிக்கூட்டை அமத்தி ஓடவிட்டா. ரெண்டு பேரும் எண்ணினம் அண்ணை, அந்தக் குசினியிலை. ஒண்டு. பந்து எங்கை எண்டு கேட்டா. நடுவிலை, சேத்துக்குள்ளை, பத்துப்பேருக்குக் கீழை எண்டன். ரெண்டு. மூண்டு. இன்னும் அதுக்குள்ளைதான். ஆகாயத்திலை இல்லை அண்ணை. நான் உங்களுக்குச் சொன்னது பொய். நேரம் முடியேக்கை பந்து ஆகாயத்திலை இல்லை, ஒருத்தற்றை கையிலையும் இல்லை. நாலு. ஒன்பதாம் நம்பர்ப் பெடியன் இழுத்து எடுக்கிறான். அஞ்சிலை அவ மணிக்கூட்டை நிப்பாட்டினா.

"இந்த இடத்திலை நான் ஒண்டு கேட்டனான். என்ன கேட்டனான்?"

இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. எனக்கே சொன்னதில்லை எண்டு வையுங்கோ. அண்டைக்கு அவ தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு, வெளியிலை பாத்துக்கொண்டு, "நேரமாச்சோ கஸ்?" எண்டு கேட்டவ. கேட்டவ அண்ணை. நான் மணிக்கூட்டைப் பாத்தன். வடிவாப் பாத்தன். முள்ளுத் தாண்டிப் போட்டுது. "இன்னும் இல்லை" எண்டு சொன்னனான். விரல் விறைக்கேல்லை. விறைச்ச விரலுக்கு இன்னும் இல்லை எண்டு சொல்லத் தெரியுமோ?

அதைக் குசினியிலை சொன்னன். அவ தலையாட்டினா. திரும்ப மணிக்கூட்டை ஓடவிட்டா. ஆறு, பெடியன் ஓடுறான். ஏழு, அடிக்கிறான். எட்டு, ஒன்பது, ஆகாயத்திலை. பத்து, லாக்கியின்ர நெஞ்சு. பதினொண்டு, சைரன். பதினொரு செக்கன் எவ்வளவு நீளம் எண்டு எண்ணிப் பாக்காட்டில் தெரியாது. அதுக்குள்ளை மூண்டுதரம் மனம் மாறலாம். நான் மாறேல்லை.

ஏன் அங்கை சொல்லேல்லை எண்டு கேட்டன். எனக்கு முன்னாலை வைச்சே சொல்லியிருக்கலாம்தானே எண்டன். அதைச் சொல்லேக்கை எனக்கு ஒரு கோவம்கூட வந்தது, பாருங்கோ என்ர நியாயத்தை.

"உன்னைத்தான் முதல் கேட்டாங்கள்" எண்டா. "நீ சொல்லுவாய் எண்டு நினைச்சன். நீ சொல்லாமல் விட்ட பிறகு நான் சொல்லியிருந்தால் உன்னைக் கள்ளன் எண்டு எல்லாருக்கும் முன்னாலை காட்டினதாப் போகும். ஒரு நாள் பொறுத்தால் நீயா வருவாய் எண்டு நினைச்சன். என்ர ஆக்கள் என்னை ஒண்டும் சொல்லாயினம் எண்டும் நினைச்சன். ரெண்டும் பிழைச்சுப் போச்சு. தாளிலையும் என்ர மணிக்கூட்டைப் பாக்காமல் எழுதினன் எண்டு நினைக்காதை, பதினொண்டைப் பாத்துத்தான் சுழியம் எழுதினன். அது என்ர பிழை, அதை நான் சொல்லுவன்."

நான் அழுதன். அவ அழேல்லை. துடைக்கப் பேப்பர் தந்தா.

தோர்ன்லியைத் திரும்ப மேலை ஏத்தச் சொல்லிக் கேக்கேல்லை அவ. அது நடக்காது எண்டும் அவவுக்குத் தெரியும். இண்டைக்குக் கூட்டத்திலை, எல்லாக் கிளப்பும் இருக்கேக்கை, எழும்பி நிண்டு நான் அந்த எண்ணைச் சொல்லோணுமாம். நீங்களும் வாருங்கோ எண்டு கெஞ்சினன். வரமாட்டாவாம். "நான் இருந்தால் எனக்குச் சொல்லுவாய். நீ சொல்லவேண்டியது எனக்கில்லை" எண்டா.

அதுக்குத்தான் அண்ணை இந்த பஸ். மனிசிக்கு நேற்றுச் சொன்னன். அந்தக் கப்பை எடுத்து ஒரு பையிலை போட்டுத் தந்தா. மடியிலை இருக்கிறது அதுதான், சாப்பாடில்லை. திருப்பிக் குடுக்கோணும். இதுக்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள்ளை என்னை ஏறவிடமாட்டாங்கள். கிளப்புக்கும் தண்டனை வரும், கீழையும் போகலாம். டீன் இனி எங்கட வீட்டு சிங்க்குக்கு வரமாட்டான். லாக்கி அந்தக் கோலைப் படமெடுத்துக் கதவிலை ஒட்டி வைச்சிருக்கிறான், அவனுக்கு என்னத்தைச் சொல்லுறது? பதினொரு வருசம் என்ர பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள். நாளைக்கு என்னெண்டு கூப்பிடுவாங்களோ தெரியாது.

உண்மையைச் சொல்லட்டே? இந்தக் கால்மணித்தியாலமும் நான் ஒண்டைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான். நாலெண்டு சொன்னால் காணாதோ? நாலெண்டால் பந்து ஆகாயத்திலை. நாலெண்டால் விரல் விறைச்ச ஒரு மனிசன்ர பிழை, சனம் கொஞ்சம் இரக்கப்படும். நாலைச் சொன்னாலும் நொரீன்ர பேர் கழுவுப்பட்டுப் போகும்தானே? நீங்கள் சொல்லுங்கோ. இல்லை, சொல்லாதையுங்கோ. உங்கட முகத்திலையே தெரியுது.

கழுவுப்படாது. நாலெண்டால் அவவும் பாக்காமல் விட்டவ எண்டு ஆகும். பதினொண்டெண்டால்தான் அவ கேட்டவ, நான் பொய் சொன்னனான் எண்டு ஆகும்.

பாலம் கடந்திட்டுது, இன்னும் ரெண்டு ஸ்டொப். ஒருக்காச் சொல்லிப் பாக்கிறன், கேளுங்கோ. அங்கை இங்கிலீசிலை சொல்லோணும், உங்களுக்குத் தமிழிலை சொல்லுறன். பிழையெண்டால் மறியுங்கோ.

"என்ர பேர் குகதாசன். நான் கெல்புரூக்கின்ர டைம்கீப்பர். தோர்ன்லியோடை விளையாடின கடைசி மட்ச்சிலை, கடைசிக் குவாட்டரிலை, நேரம் முடிஞ்சது எனக்குத் தெரியும். நொரீன் நேரமாச்சோ எண்டு என்னைக் கேட்டவ. நான் இன்னும் இல்லை எண்டு பொய் சொன்னனான். சைரனை நாலு..."

பாத்தியளே அண்ணை? பாத்தியளே இந்த வாயை?

இன்னும் ஒரு ஸ்டொப் கிடக்கு. திரும்பத் துவங்குறன், கேளுங்கோ. என்ர பேர் குகதாசன்...